எட்டு டம்ளர் காப்பி

கேள்வி: பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் இருக்கிறோம். அப்பாவுக்குப் பீன்யாவில் லேத் வேலை. இரண்டாம் பி.யூ.சி.யில் (பன்னிரண்டாம் வகுப்பில்) வணிகவியல் படித்துவிட்டு, வீட்டில் சண்டை போட்டு பி.ஏ. உளவியலில் சேர்ந்தேன். மனிதர்களைப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசைதான் காரணம். இப்போது இரண்டாம் செமஸ்டர். வந்து பார்த்தால் எலியும் புள்ளியியலும் அமெரிக்கர்களும்தான் இருக்கிறார்கள். புள்ளியியல் உள்தேர்வில் 50க்கு 14. வகுப்பில் எல்லோரும் சரளமாக ஆங்கிலம் பேசுகிறார்கள். நான் தமிழில் யோசித்து முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடுகிறது. வீட்டிலோ, "என் மனதில் என்ன இருக்கிறது, சொல் பார்க்கலாம்" என்று கேலி. என் அத்தை மகனுக்கு 24 வயது. எட்டு மாதமாக வேலைக்குப் போகாமல் அறைக்குள்ளேயே இருக்கிறார். "நீ படிப்பதே அதுதானே, நீயே பேசிச் சரிசெய்" என்று அத்தை கேட்டார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பேசினேன். ஒன்றும் நடக்கவில்லை. பாடத்தில் எந்த நோயைப் படித்தாலும் அது எனக்கு இருப்பதாகவே தோன்றுகிறது. பி.காம்.க்கு மாறிவிடலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

பி.காம். கேள்வியைக் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். நானும் அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தில் காத்திருக்க முடியாத ஒருவர் இருக்கிறார். அவர் உங்கள் அத்தை மகன்.

எட்டு மாதம் என்பது சோம்பல் என்று தள்ளிவிடக்கூடிய காலம் இல்லை. மனச்சோர்வாக இருக்கலாம். அந்த வயதில் முதல்முறையாகத் தலைகாட்டும் வேறு தீவிரமான மனநோயாக இருக்கலாம். வேலை செய்த இடத்தில் யாரிடமும் சொல்ல முடியாத ஏதோ நடந்திருக்கலாம். குடியோ, கைப்பேசியில் விட்ட பணமோ, உடம்பில் ஏதாவது குறையோ இருக்கலாம். இதில் எது என்று உங்களுக்குத் தெரியாது. இருபது வருடங்களுக்கு மேலாக மருத்துவ உளவியலாளராக இருக்கும் எனக்கும், ஒரு கடிதத்தின் ஐந்து வரியை வைத்துத் தெரியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அத்தை மகன் என்றால் நம் வீடுகளில் அது முறை. உங்கள் இரு பெயர்களையும் சேர்த்து ஏதாவது ஒரு கல்யாணப் பந்தியில் யாராவது கேலி செய்திருப்பார்கள். அந்த இளைஞர் தன் தோல்வியையும் பயத்தையும் உங்களிடம் எப்படிச் சொல்வார்? சொன்னதெல்லாம் இரவுக்குள் உங்கள் அம்மாவுக்குப் போய், மறுநாள் தன் வீட்டுக்கே திரும்பி வரும் என்று அவருக்குத் தெரியாதா? உறவினருக்குச் சிகிச்சை தரக் கூடாது என்று எங்கள் தொழிலில் விதி இருப்பது இதனால்தான். இரண்டு ஞாயிறும் ஒன்றும் நடக்காததில் உங்கள் தோல்வி எதுவும் இல்லை.

நான் இதை அடிபட்டுக் கற்றவள். எம்.ஏ. முதல் வருடம் மனச்சோர்வு பற்றிய அத்தியாயத்தைப் புதிதாகப் படித்த சூட்டில், எதிர்வீட்டு அக்காவிடம் அத்தனை அறிகுறிகளையும் கண்டுபிடித்தேன். எந்நேரமும் தூக்கம், எதிலும் பிடிப்பில்லை, நடையே மெதுவாகிவிட்டது, பேச்சு குறைந்துவிட்டது. மூன்று மாதம் மாலைதோறும் அவருக்கு 'ஆலோசனை' சொன்னேன். அவரும் பாவம், நோட்டுப் புத்தகம் போட்டு நல்ல எண்ணங்களை எழுதினார். வேறு எதற்கோ மருத்துவரிடம் போனபோது ரத்தப் பரிசோதனை செய்தார்கள்: தைராய்டு சுரப்பு மிகக் குறைவு. மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் அவர் பழையபடி மாடிப்படியில் ஓடினார். தைராய்டு குறைந்தால் மனச்சோர்வைப் போலவே தோன்றும் என்பது நான் படித்த அதே அத்தியாயத்தில் இருந்தது. அந்த வரியை நான் தாண்டிப் போயிருந்தேன்.

ஆகவே அத்தையிடம் இப்படிச் சொல்லிவிடுங்கள்: "அத்தை, நான் இன்னும் முதல் வருடம். எனக்குத் தெரிந்த ஒன்று, இதற்கு டாக்டர் பார்க்க வேண்டும். போகும்போது நானும் கூட வருகிறேன்." ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல மருத்துவமனை உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ரயிலேறி வந்து காலையில் வரிசையில் நிற்கிறார்கள். நீங்கள் ஒரு பஸ் மாறினால் போதும். அவர் வர மறுத்தால் அத்தை மட்டுமாவது முதலில் போய்ப் பேசலாம். அல்லது 14416 என்ற டெலிமானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், கேட்கலாம். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். "இருந்து என்ன பயன்" என்பது போல அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் ஞாயிறுவரை காத்திருக்க வேண்டாம், அன்றே கூட்டிச் செல்லுங்கள். இப்போது நீங்கள் அவருக்குச் செய்யக்கூடிய உதவி கூடப் போவதுதான். சிறிய உதவி என்று நினைக்க வேண்டாம். பல குடும்பங்களில் அதற்கே ஆள் இல்லை.

இனி உங்கள் படிப்பு.

"என் மனதில் என்ன இருக்கிறது சொல்" என்று கேட்பவர்களுக்கு நல்ல பதில் ஒன்று இருக்கிறது. அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று நாம் நம்புகிறோம். பொய்யைக் கண்டுபிடிக்கும் திறன் பற்றிய இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வு அறிக்கைகளைச் சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்ற இருவர் 2006இல் தொகுத்துப் பார்த்தார்கள். பேசுபவர் சொல்வது பொய்யா மெய்யா என்பதை மனிதர்கள் சரியாகச் சொன்னது சராசரியாக நூற்றுக்கு 54 முறை. காசைச் சுண்டினால் 50. முகம் பார்த்துப் படிக்கும் நம் திறமை காசைவிட நான்கு முறைதான் மேல்!

வாசலில் உடுக்கையை ஆட்டி நம் வீட்டுக் கதையையே சொல்லிவிட்டுப் போகும் குடுகுடுப்பைக்காரர் மட்டும் எப்படிச் சொன்னார்? அதற்கும் ஒரு சோதனை உண்டு. பெர்ட்ரம் ஃபோரர் என்ற பேராசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணநலத் தேர்வு வைத்தார். ஆளுக்கொரு தாளில் 'உங்கள் குணம்' என்று முடிவு கொடுத்து, அது எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி நான்குக்கும் மேல். எல்லோர் கையிலும் இருந்தது ஒரே வாசகம். பெரும்பகுதி கடையில் வாங்கிய ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது. 1949இல் வெளிவந்தது இது. "உங்களுக்குள் இன்னும் பயன்படுத்தாத திறமை நிறைய இருக்கிறது" என்று சொன்னால் யார்தான் இல்லை என்பார்கள்? அடுத்த முறை கேலி செய்யும் சித்தப்பாவிடம் முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு இதைச் சொல்லிப் பாருங்கள்.

மனிதர்களைப் புரிந்துகொள்ள வந்தேன் என்கிறீர்கள். எல்லோரும் பிறந்ததிலிருந்து அதைத்தான் செய்கிறார்கள், உங்கள் அத்தை உட்பட. இந்தப் படிப்பு அதோடு சேர்த்துத் தருவது ஒன்றுதான்: 'எனக்கு இப்படித் தோன்றுகிறது' என்பதற்கும் 'இப்படித்தான் இருக்கிறது' என்பதற்கும் நடுவே நின்று, சரி, எப்படிச் சோதிப்பது என்று கேட்கும் பழக்கம். எதிர்வீட்டு அக்கா விஷயத்தில் எனக்கு இல்லாமல் போனது அதுதான். அந்தப் பழக்கம் உட்கார்ந்திருக்கும் இடம், மன்னியுங்கள், நீங்கள் 14 வாங்கிய புள்ளியியல்.

உங்கள் வாத்தியார் கரும்பலகையில் சூத்திரத்திலிருந்து தொடங்கியிருப்பார். நாம் அடுப்படியிலிருந்து தொடங்கலாம். உங்கள் அம்மாவோ பாட்டியோ, பாக்கெட் பால் காப்பியையும் மாட்டுக்காரர் ஊற்றும் பாலில் போட்ட காப்பியையும் ஒரே வாயில் பிரித்துச் சொல்லிவிடுவேன் என்று சொல்பவராகத்தான் இருப்பார். சோதித்துவிடலாம். எட்டு டம்ளர். நான்கில் பாக்கெட் பால், நான்கில் கறந்த பால். ஒரே டிகாஷன், ஒரே அளவு சர்க்கரை, ஒரே சூடு. வரிசையைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானியுங்கள். நான்கு நான்கு என்று அம்மாவிடம் சொல்லிவிடலாம். எவை என்று மட்டும் சொல்லக் கூடாது. குடித்துப் பார்த்து, கறந்த பால் நான்கையும் தனியே எடுத்து வைக்க வேண்டும்.

எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் இருக்கின்றன. அதில் ஒரே ஒரு வழிதான் முழுக்கச் சரி. நாக்குக்கு ஒரு சுவையும் தெரியாதவர் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் 70இல் ஒரு முறை நான்கும் சரியாக அமைந்துவிடும். அம்மா நான்கையும் சரியாக எடுத்தால், 'இது அதிர்ஷ்டமாக இருக்க 70இல் ஒரு வாய்ப்புதான். அம்மாவுக்கு உண்மையிலேயே தெரிகிறது போலும்' என்று ஒப்புக்கொள்ளலாம். மூன்று சரி, ஒன்று தவறு என்றால்? வீட்டில் எல்லோரும் "பார்த்தாயா, முக்கால்வாசி சரி" என்று கைதட்டுவார்கள். கணக்குப் போடுங்கள். மூன்றோ அதற்கு மேலோ சரியாக அமையும் வழிகள் 16ம் 1ம், மொத்தம் 17. எழுபதில் பதினேழு என்றால் ஏறக்குறைய நான்கில் ஒன்று. குருட்டாம்போக்கில் எடுப்பவருக்கும் நான்கு தடவைக்கு ஒரு தடவை கிடைக்கும் வெற்றி அது. கைதட்ட அவசரம் வேண்டாம்.

பால் வித்தியாசத்தைத் தவிர இதில் புதுமை எதுவும் இல்லை. புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1935இல் இதையே தேநீரை வைத்து எழுதினார். இரண்டு சராசரிகளை ஒப்பிடும், உங்களைப் பயமுறுத்தும் டி சோதனையும் உள்ளுக்குள் கேட்பது இதே கேள்வியைத்தான்: வெறும் தற்செயலே இவ்வளவு வித்தியாசத்தைக் காட்டிவிடுமா? சூத்திரம் அந்தக் கேள்விக்குப் போட்ட சட்டை, அவ்வளவுதான். கேள்வி பிடிபட்டுவிட்டால் சட்டையின் பொத்தான்களை நாலு ஞாயிற்றுக்கிழமையில் மாட்டிவிடலாம்.

டம்ளரை நீட்டுவது நீங்களாக இருக்கக் கூடாது என்பதைச் சொல்ல மறந்தேன். எது எந்தப் பால் என்று தெரிந்தவர் நீட்டினால் அவர் கண்ணே காட்டிக்கொடுத்துவிடும். பெர்லினில் ஹான்ஸ் என்றொரு குதிரை இருந்தது. கூட்டல் கணக்குக் கேட்டால் குளம்பைத் தட்டி விடை சொல்லும். ஏமாற்று வேலை ஏதும் கண்டுபிடிக்க முடியவில்லை. கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை என்பதை 1907இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் காட்டினார். சரியான எண் வந்ததும் எதிரே நிற்பவர் தலை தன்னையறியாமல் ஒரு நூலளவு அசையும். குதிரை அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்தும். குதிரைக்குக் கணக்கு வராது, மனிதர்களைப் படிக்க வரும். தம்பியையோ பக்கத்து வீட்டுக் குழந்தையையோ நீட்டச் சொல்லுங்கள்.

எலிகளைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கும் விருப்பமில்லை. எப்போது தீனி விழும் என்று தெரியாதபோதுதான் எலி கட்டையை விடாமல் அழுத்துகிறது என்பதைப் படித்துவிட்டு, உங்கள் கை ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை கைப்பேசியைத் தொடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். அது போதும்.

அமெரிக்கர்கள் பற்றிய குறை நியாயமானது. 2010இல் ஜோசஃப் ஹென்ரிக் என்ற ஆய்வாளரும் வேறு இருவரும் சேர்ந்து இதைத்தான் உரக்கச் சொன்னார்கள்: மேற்கத்திய, படித்த, வசதியான சமூகத்தாரை, அதிலும் பெரும்பாலும் கல்லூரி மாணவர்களைச் சோதித்துவிட்டு 'மனித இயல்பு' என்று எழுதுகிறீர்களே என்று. அதற்கு ஐந்து வருடம் கழித்து, வெளியான நூறு உளவியல் ஆய்வுகளை மீண்டும் செய்து பார்த்ததில் ஏறக்குறைய 36 விழுக்காட்டில்தான் பழையபடி தெளிவான முடிவு கிடைத்தது. பலர் இதைச் சொல்லி உளவியலைக் கேலி செய்கிறார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. தன் கணக்கைத் தானே தணிக்கை செய்து, துண்டு விழுந்ததை வாசலில் ஒட்டிவைத்த துறை இது. சோதிடமோ சனி ஞாயிறில் சான்றிதழ் தரும் ஆளுமைப் பயிலரங்கோ அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

ஆனால் உங்கள் பாடத்தில் நம் ஆட்களே இல்லை என்பது சரியில்லை. கொஞ்சம் தேட வேண்டும். 1934 ஜனவரியில் பீகாரில் பெரும் நிலநடுக்கம். அதிர்ச்சியை உணர்ந்தும் சேதம் ஏதும் இல்லாத ஊர்களில் என்னென்ன வதந்திகள் ஓடின என்று ஜமுனா பிரசாத் என்ற உளவியலாளர் சேகரித்தார். 'இன்ன தேதியில் பேரழிவு வரும்', 'புயல் வரும்' என்று இன்னும் பயமூட்டும் வதந்திகள். வீடு இழக்காத மனிதர்கள் ஏன் தங்களைத் தாங்களே மேலும் பயமுறுத்திக்கொள்ள வேண்டும்? பின்னாளில் டார்ஜிலிங் நிலச்சரிவை ஆராய்ந்த துர்கானந்த் சின்ஹா, நேரில் அழிவைப் பார்த்த மக்களிடம் அப்படிப்பட்ட வதந்தி இல்லை என்று கண்டார். இவற்றைப் படித்த அமெரிக்கர் லியோன் ஃபெஸ்டிங்கருக்குப் பொறி தட்டியது: பயம் ஏற்கெனவே வந்துவிட்டது, பயப்படக் காரணம்தான் கண்ணெதிரே இல்லை, ஆகவே மனம் பயத்துக்குப் பொருத்தமான ஒரு காரணத்தை உண்டாக்கிக்கொள்கிறது. 1957இல் அவர் வெளியிட்ட 'காக்னிட்டிவ் டிஸ்ஸொனன்ஸ்' (ஒன்றுக்கொன்று ஒவ்வாத எண்ணங்கள் தரும் உறுத்தல்) கோட்பாட்டின் வேர்களில் ஒன்று இது. உங்கள் பாடநூலில் ஃபெஸ்டிங்கரின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். பீகார் இருக்கிறதா என்று பாருங்கள்.

2012 ஆகஸ்டில், நீங்கள் சிறு குழந்தையாக இருந்தபோது, இந்த நகரத்தில் ஒரு குறுஞ்செய்தி வதந்தியை நம்பி வடகிழக்கு மாநிலத்தவர் ஆயிரக்கணக்கில் ரயிலேறினார்கள். நிலைமையை அடக்க, ஒரே நேரத்தில் பலருக்கு மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்ப முடியாதபடி அரசு தடை போட்டது. பிரசாத் சேகரித்தது போல அந்த வாரத்தின் வதந்திகளை நடந்த அன்றே யாராவது சேகரித்திருந்தால் என்று நான் இன்றும் நினைப்பதுண்டு. இந்தத் துறையில் நம் பக்கம் செய்யப்படாத வேலை மலைபோல் கிடக்கிறது. 1924இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையைத் தொடங்கிய எம்.வி. கோபாலசுவாமி, ஓய்ந்த நேரத்தில் தன் வீட்டிலேயே ஒரு வானொலி நிலையத்தையும் நடத்தி அதற்கு ஆகாஷவாணி என்று பெயர் வைத்தவர். அப்படி ஆட்கள் நடந்த மண் இது.

தமிழில் யோசிப்பதைக் குறையாக எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் அது ஒன்றுதான்.

புறநோயாளிப் பிரிவில் என் எதிரே உட்காருகிறவர்களில் கிருஷ்ணகிரிக்காரரும் தர்மபுரிக்காரரும் உண்டு. அவர்களில் யாரும் 'எனக்கு மனச்சோர்வு' என்று சொல்லிக்கொண்டு வந்ததில்லை. நெஞ்சை அடைக்கிறது, தலை கனக்கிறது, கைகால் ஓய்ந்துவிட்டது, எதிலும் மனம் ஒட்டவில்லை, உள்ளே என்னவோ செய்கிறது என்பார்கள். 'என்னவோ செய்கிறது' என்பதற்குள் பயமா, துக்கமா, உடல்வலியா எது இருக்கிறது என்று அடுத்த கேள்வி கேட்கத் தமிழ் காது வேண்டும். மனச்சோர்வை அளக்க உலகம் முழுதும் பயன்படும் ஒரு வினாத்தாளில் துயரத்துக்கு நீல நிறத்தைச் சொல்லும் ஆங்கில வழக்கு ஒன்று வருகிறது. அப்படியே தமிழாக்கினால் நம் பாட்டி, நீலம் எதற்கு என்று கேட்பார். அதைத் தமிழில் கொண்டுவந்து, இன்னொருவரைக் கொண்டு திரும்ப ஆங்கிலமாக்கிப் பார்த்து, பொருள் வழுவியிருந்தால் மறுபடி திருத்தி, பிறகு நூற்றுக்கணக்கானவரிடம் கொடுத்துச் சோதிக்க வேண்டும். ஸ்ரீராமபுரத்தில் வளர்ந்த உங்களுக்குத் தமிழும் கன்னடமும் தானாக வந்திருக்கும். தெருவில் உருதுவும் கொஞ்சம் காதில் விழுந்திருக்கும். சரளமாக ஆங்கிலம் பேசும் உங்கள் வகுப்புத் தோழர்களில் எத்தனை பேரால் ஒரே காலை வேளையில் மூன்று நோயாளிகளிடம் மூன்று மொழியில் பேச முடியும்? ஆங்கிலம் பழகிக்கொள்ளலாம், பழகித்தான் ஆக வேண்டும். ஆய்வுகள் அதில்தான் இருக்கின்றன. தினமும் ஒரு பக்கம் சத்தமாகப் படியுங்கள். வகுப்பில் முதலில் கையைத் தூக்கிவிட்டு அப்புறம் வாக்கியம் தேடுங்கள்.

நோயெல்லாம் தனக்கே இருப்பதாகத் தோன்றுவது மருத்துவ மாணவர்களுக்குப் பழகிப்போன தொல்லை. உளவியல் மாணவர்களுக்கும் அது வரும், ஏனென்றால் எங்கள் அறிகுறிகள் எல்லாம் சாதாரண நாளின் மிகைகள். எல்லோருக்கும் சில இரவு தூக்கம் வராது. எத்தனை நாளாக, எவ்வளவு தீவிரமாக, எந்த வேலையை முடக்குகிறது என்ற மூன்றையும் கேட்காமல் அறிகுறியை மட்டும் ஒட்டிப் பார்க்காதீர்கள். அப்படிக் கேட்டும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ படிப்போ கெட்டிருப்பது உண்மை என்று தெரிந்தால், கல்லூரி ஆலோசகரைப் பாருங்கள். அதில் கூச்சப்படுகிறவர் இந்தத் துறையில் பிறரை எப்படிக் கூப்பிடுவார்?

இப்போது பி.காம். நல்ல படிப்பு, உங்களுக்கு அடித்தளமும் இருக்கிறது. கணக்குப் புத்தகம் உங்களை இழுக்கிறது என்றால் தாராளமாகப் போங்கள். புள்ளியியலுக்குப் பயந்து மட்டும் போகாதீர்கள். அங்கேயும் 'வணிகப் புள்ளியியல்' என்று பெயரை மாற்றிக்கொண்டு அது வாசலில் நிற்கும்.

உளவியலில் தங்கினால் அப்பாவிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்: வெறும் பி.ஏ.வுக்குப் பெரிய சம்பளம் இல்லை, சிகிச்சை தரும் உரிமையும் இல்லை. பள்ளி ஆலோசகர், மனிதவளம், இந்த ஊர் மென்பொருள் நிறுவனங்களில் பயனர் எப்படி நடந்துகொள்கிறார் என்று ஆராயும் வேலை, எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் முதுகலை கேட்பார்கள். மருத்துவ உளவியலாளர் ஆக வேண்டுமானால் அதற்கு மேலும் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்துப் பயிலும் படிப்பும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவும் வேண்டும். பல வருடமாக அது இரண்டு வருட எம்.ஃபில். ஆக இருந்தது. இப்போது அந்தப் பட்டம் விடைபெற்று வேறு படிப்புகள் வருகின்றன. சேரும் வருடத்தில் கவுன்சிலின் பட்டியலில் கல்லூரியின் பெயரைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அஞ்சல்வழியில் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கை முதல் உளவியலைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழு தடை விதித்திருக்கிறது. ஆறு வார 'தெரபிஸ்ட்' சான்றிதழ் விற்பவர்களுக்கு உங்கள் அப்பா லேத்தில் உழைத்த காசைக் கொடுக்க வேண்டாம்.

மாறுவதோ தங்குவதோ, மூன்றாம் செமஸ்டர் முடியும்வரை தள்ளிவையுங்கள். அதற்குள் அத்தையோடு ஒரு முறை ஓசூர் சாலைக்குப் போய்வாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காப்பிச் சோதனையைச் செய்யுங்கள். அம்மா எத்தனை சரியாக எடுத்தார் என்று எனக்கு எழுதுங்கள், தோற்றாலும் எழுதுங்கள். அப்பாவுக்கு முதலிலேயே தனியாக ஒரு டம்ளர் கலந்து கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் மூன்றாவது டம்ளரை அவர் எடுத்துக் குடித்துவிடுவார்.